திருச்சி வானொலிக்குள் ஒரு விசில்

யாழ்ப்பாணத்தில் மத்திய அலை வானொலி கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பண்பலை வந்து, போனில் பாட்டு வந்து, எல்லாம் வந்த பிறகும் திருச்சியையும் தூத்துக்குடியையும் முள்ளைத் திருப்பிப் பிடிக்கிற வீடுகள் எனக்குத் தெரிந்தே உண்டு. மத்திய அலை காய்ந்த தரையை விட உப்புத் தண்ணீருக்கு மேலால் நன்றாக வரும். நடுவில் கிடப்பது பாக்கு நீரிணை என்பதால் தமிழ்நாட்டு நிலையங்கள் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோலக் கேட்கும். 1990களில் கரண்டும் இல்லாமல் பற்றரியும் கிடைக்காமல் இருந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட சனம் இது. இந்த மண்ணில் றேடியோ வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்லை.

அதனால்தான் கோப்பாய்ப் பக்கத்து ஐயா ஒருவர் சொன்னதை நான் இலேசாக எடுக்கவில்லை. "தம்பி, உந்த இன்வேட்டர் பூட்டின நாளிலையிருந்து திருச்சி கேக்க ஏலாமக் கிடக்கு. பாட்டுக்குள்ள ஆரோ விசிலடிக்கிற மாதிரி. தூத்துக்குடியும் உப்பிடித்தான். மற்றதுகள் பரவாயில்லை."

மற்ற நிலையங்கள் பரவாயில்லை, இந்த இரண்டும்தான் கேட்கவில்லை என்ற அந்தத் தகவல்தான் முக்கியமானது. பொதுவாக எல்லா இடத்திலும் இரைந்தால் காரணம் எதுவாகவும் இருக்கலாம். குறிப்பிட்ட இரண்டு இடங்களில் மட்டும் விசிலடித்தால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கும். இன்வேட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது, இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கிற சிறிய சைன் அலை போர்ட். அதிலுள்ள சிப்பின் தரவுத்தாளில் சுவிச்சிங் மீடிறன் 23.4 கிலோஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. இனிக் கணக்கைப் பாருங்கள். 23.4ஐ 40ஆல் பெருக்கினால் 936. அது திருச்சி. 45ஆல் பெருக்கினால் 1053. அது தூத்துக்குடி. தசமமே மிச்சமில்லாமல் இரண்டும் அப்படியே விழுகின்றன. உண்மையில் அந்தச் சிப் 12 மெகாஹேர்ட்ஸ் படிகத்தில் ஓடுவது. அதை 512ஆல் வகுத்தால் 23.4375 வரும், தரவுத்தாளில் அதைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 40ஆவது மடங்கு 937.5இலும் 45ஆவது மடங்கு கிட்டத்தட்ட 1054.7இலும் விழும். நிலையத்தின் அலையிலிருந்து 1.5, 1.7 கிலோஹேர்ட்ஸ் தள்ளி. றேடியோவுக்குள் இரண்டு அலைகள் இப்படி அருகருகே நுழைந்தால் அவற்றின் வித்தியாசம் ஒரு சுரமாக வெளியே வரும். 1.5 கிலோஹேர்ட்ஸ் என்பது மனிதக் காதுக்கு மிக நன்றாகக் கேட்கிற விசில். ஐயாவின் காது அச்சொட்டாகச் சரி.

வீட்டுக்கு வீடு இன்வேட்டர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. பற்றரியும் இன்வேட்டரும் தேடிச் சனம் அலைந்தது அப்போதுதான். பிறகு கூரைகளில் சோலார் தகடுகள் ஏறின. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்த நாட்களில் பகலில் கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்கிற அளவுக்கு நாட்டில் அவை பெருகிவிட்டன. ஒவ்வொரு தகட்டுத் தொகுதிக்குக் கீழேயும் ஒரு இன்வேட்டர், ஒவ்வொரு இன்வேட்டருக்குள்ளும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுவிச்சுகள். சுன்னாகம், உரும்பிராய், நீர்வேலிப் பக்கத் தோட்டங்களில் சூரிய சக்தியில் தண்ணீர் இறைக்கிற மோட்டர்களுக்கும் இதே கதைதான்.

இன்வேட்டரின் பாடு என்னவென்றால், பற்றரி தருகிற நேரோட்டத்திலிருந்து 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் செய்ய வேண்டும். ஆனால் அதன் கையில் இருப்பவை சுவிச்சுகள் மட்டும். சுவிச்சுக்குத் தெரிந்தது திறத்தல், மூடுதல். வழவழப்பான சைன் அலையை அதனால் நேரடியாக வரைய முடியாது. பழைய மலிவு இன்வேட்டர்கள் கொஞ்சநேரம் மேலே, கொஞ்சநேரம் கீழே என்று சதுர அலையைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். சதுர அலைக்குள் 50 ஹேர்ட்ஸ் மட்டும் இல்லை. அதன் மூன்றாம் மடங்கு 33 வீதம், ஐந்தாம் மடங்கு 20 வீதம், ஏழாம் மடங்கு 14 வீதம் என்று ஒற்றை மடங்குகள் எல்லாம் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் அடிப்படை அலையின் 48 வீதம். இவைதான் ஹார்மோனிக்ஸ். மின்விசிறி 'ம்ம்ம்' என்று முனகுவதும், தண்ணீர் மோட்டரின் உடம்பு சுடுவதும் இவற்றால்தான். அந்தச் சக்தி விசிறியைச் சுற்றாது. செம்பையும் இரும்பையும் சூடாக்கிவிட்டுப் போகும்.

இதற்கு வந்த மருந்து 1964இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. பிரவுன் பொவெரி நிறுவனத்தைச் சேர்ந்த ஷோனுங், ஸ்டெம்லர் என்ற இருவரும் எழுதியது. தேவையான சைன் அலையை வேகமான முக்கோண அலை ஒன்றோடு ஒப்பிட்டு, சைன் மேலே இருக்கும்போது சுவிச்சை மூடு, கீழே போனால் திற. துடிப்புகளின் அகலம் சைன் அலையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும். ஒரு சுருளும் ஒரு கப்பாசிற்றரும் வைத்து வடித்தால் சைன் அலை வெளியே வரும். மூன்று, ஐந்து, ஏழு என்று 50 ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் நின்ற குப்பை எல்லாம் முக்கோணத்தின் மீடிறனுக்கும் அதன் மடங்குகளுக்கும் இடம் மாறிவிடும். அங்கே அதை வடிகட்டுவது சுகம்.

சுகம் என்பது 23 கிலோஹேர்ட்ஸில் மட்டும். வடிகட்டியின் சுருள் தாழ் மீடிறனில் சுருளாக நடந்துகொள்ளும்; மெகாஹேர்ட்ஸ் பக்கம் போனால் சுற்றுக்குச் சுற்று உள்ள கொள்ளளவால் அது பாதி கப்பாசிற்றர் ஆகிவிடும். சுவிச்சுகளோ கூர்மையாகத் திறந்து மூடுகின்றன. சக்தி வீணாகாமல் இருக்க அப்படித்தான் செய்ய வேண்டும். கூர்மை கூடக்கூட உயர் மடங்குகள் தேயாமல் தொடரும். 40ஆவது, 45ஆவது மடங்கு இப்படித்தான் வடிகட்டியைத் தாண்டி வயருக்கு வந்து, வயரிலிருந்து காற்றுக்கு வந்து, ஐயாவின் றேடியோவுக்குள் போகிறது.

இந்த இடத்தில்தான் தற்செயல் சுவிச்சிங் என்ற யோசனை வருகிறது. எனக்குப் பல வருடமாகப் பிடித்த விஷயம் இது. சுவிச்சுகள் ஒரே தாளத்தில் திறந்து மூடுவதால்தான் சக்தி முழுவதும் சில குறிப்பிட்ட மீடிறன்களில் போய்க் குவிகிறது. தாளத்தைக் கலைத்துவிட்டால்? ஒரு சுற்று கொஞ்சம் நீளம், அடுத்தது கொஞ்சம் குட்டை, அடுத்தது எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மூடியிருக்கும் நேரத்தின் பங்கு மட்டும் அப்படியே இருக்கட்டும். 50 ஹேர்ட்ஸ் அலையை உண்டாக்குவது அந்தப் பங்குதான் என்பதால் வீட்டுக்குப் போகும் மின்சாரம் மாறாது. குவிந்த சக்தி மட்டும் பரவிவிடும். ஒரு மூட்டை நெல்லைக் குவித்து வைத்தால் ஆளுயர மேடு, பாயில் பரப்பினால் விரல் உயரம். நெல் ஒரு மணியும் குறையவில்லை. இந்தக் கடைசி விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தற்செயல் சுவிச்சிங் பற்றி எழுதுகிற பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

யோசனை புதிதல்ல. 1980களின் கடைசியில் ட்ரிசினட்லோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் இன்வேட்டர்களுக்கான தற்செயல் துடிப்பு முறைகளை எழுதினார்கள். 1991இல் தோமஸ் ஹபெட்லரும் தீபக் திவானும், முக்கோண அலையின் மீடிறனைத் தற்செயலாக அசைத்தால் மோட்டரின் கீச்சொலி அடங்கும் என்று காட்டினார்கள். அவர்களின் அக்கறை றேடியோ அல்ல, காது. அந்தக் காலத்து உயர்சக்தி சுவிச்சுகள் ஒன்றிரண்டு கிலோஹேர்ட்ஸில்தான் ஓடும். மோட்டரின் இரும்பு அதே சுரத்தில் கத்தும், பக்கத்தில் நின்று வேலை செய்ய முடியாது. தாளம் கலைந்ததும் கத்தல் காற்று வீசுகிற மாதிரியான இரைச்சலாக மாறியது. கணினிகளிலும் இதன் உறவுக்கார யோசனை ஒன்று நுழைந்தது: கடிகாரத் துடிப்பின் மீடிறனைச் சிறிதாக மேலும் கீழும் அலையவிடுவது. லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் கீத் ஹார்டின் குழு 1994இல் அதைப் பற்றி எழுதியது. இன்று மேசையில் இருக்கிற பல கணினிகளுக்குள் அது ஓடுகிறது.

ஐயாவின் சிப்பில் எதையும் மாற்ற முடியாது. அது ஒரே வேலைக்கென்று செய்த சிப். அதனால் சுவிச்சுகளின் அதே பாலச் சுற்று, அதே வடிகட்டி வைத்து, நிரல் எழுதக்கூடிய ஒரு மைக்ரோகொன்ரோலரைப் பூட்டி மேசையில் ஒரு இன்வேட்டர் செய்தேன். பக்கத்தில் ஐயாவின் வீட்டில் இருப்பது போன்ற ஒரு பழைய றேடியோ. மறுபக்கம் மடிக்கணினியில் செருகிய யூ.எஸ்.பி. ரிசீவர், மத்திய அலை முழுவதையும் திரையில் அருவிபோல் ஓடவிடும். நிலையான 23.4 கிலோஹேர்ட்ஸில் ஓடவிட்டால் திரையில் வேலிக்கதியால் போட்ட மாதிரி சம இடைவெளியில் நிமிர்ந்த கோடுகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் மெல்லிய துணைக்கோடுகள் இருக்கும், 50 ஹேர்ட்ஸ் அலை விட்டுப்போகிற தடம் அது. றேடியோவின் முள்ளை மெதுவாக நகர்த்தினால் ஒரு நிலையத்துக்கு அருகே கோடு விழுந்த இடத்திலெல்லாம் விசில் கேட்கும்.

பிறகு மீடிறனை மேலும் கீழும் 10 வீதத்துக்குள் தற்செயலாக அசைத்தேன். திரையில் வேலி மறைந்தது. கதியால் இருந்த இடமும் இடைவெளியும் தெரியாமல் ஒரே சீராக மூட்டம் படிந்தது. றேடியோவில் விசில் போய்விட்டது. அதற்குப் பதில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு 'ஷ்ஷ்' இரைச்சல். பாட்டு கேட்கிறது, செய்தி விளங்குகிறது. விசில் காதைத் துளைக்கும், இரைச்சலைக் காது ஒதுக்கிவிடும். அந்த வித்தியாசம் பெரியது.

இரண்டு சிறு நுட்பங்களை இங்கே சொல்லாமல் விட முடியாது, செய்து பார்க்கப்போகிறவர்களுக்கு நேரம் மிச்சமாகும். ஒன்று: தற்செயல் எண்களை உண்டாக்க எல்லாரும் பாவிப்பது நகரும் பதிவேட்டு முறை. 5 பிற் பதிவேடு எடுத்தால் 31 எண்களுக்குப் பிறகு அதே வரிசை திரும்ப வரும். 23.4 கிலோஹேர்ட்ஸில் அது வினாடிக்கு சுமார் 755 தடவை. அதாவது 755 ஹேர்ட்ஸில் புதிதாக ஒரு கமறல் கேட்கும். தாளத்தைக் கலைக்கப் போய் இன்னொரு தாளத்தை உண்டாக்கியதாக முடியும். 16 பிற் எடுத்தால் 65,535 எண்கள், வரிசை திரும்ப வர 2.8 வினாடி ஆகும், காதுக்கு அது தாளமாகவே தெரியாது. இரண்டாவது: சுற்றின் நீளமும் மூடியிருக்கும் நேரமும் ஒரே கணத்தில் மாற வேண்டும். நீளம் இந்தச் சுற்றிலும் மூடுநேரம் அடுத்த சுற்றிலும் என்று ஒன்று முந்தி ஒன்று பிந்திப் போனால் அந்தப் பங்கு பிசகும். பிசகு 50 ஹேர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே இரைச்சலாக வந்து சேரும், அதை எந்த வடிகட்டியாலும் எடுக்க முடியாது. நல்ல மைக்ரோகொன்ரோலர்களில் இதற்கென்றே நிழல் பதிவேடுகள் உண்டு. அவற்றை இயக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இனி நெல்லுக் கணக்குக்கு வருகிறேன்.

மத்திய அலை றேடியோ ஒரு நிலையத்துக்குச் சுமார் 9 கிலோஹேர்ட்ஸ் அகலமான வாசலைத் திறக்கிறது. கோடுகள் இருந்தபோது ஒவ்வொரு 23.4 கிலோஹேர்ட்ஸிலும் ஒரு கோடு. கோடு வாசலுக்குள் விழுந்தால் அதன் சக்தி முழுவதும் உள்ளே வரும், விழாவிட்டால் ஒன்றுமே வராது. அசைத்தபின் அதே சக்தி 23.4 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்கும் சமமாகப் பரவுகிறது. 10 வீத அசைவில் ஐந்தாவது மடங்கிலிருந்தே பக்கத்துப் பக்கத்து மடங்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், 40ஆவது மடங்கில் இதைவிடப் பரப்ப வழியே இல்லை. வாசலுக்குள் வருவது 23.4இல் 9 பங்கு, அதாவது 38 வீதம். டெசிபெலில் சொன்னால் 4 டெசிபெல்தான் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் இறங்க முடியும். தற்செயலின் ரகத்தை எவ்வளவு மாற்றினாலும், அசைவை எவ்வளவு கூட்டினாலும், அந்தச் சுவிச்சிங் மீடிறனுக்கும் அந்த வாசலுக்கும் அதுதான் எல்லை. 100 கிலோஹேர்ட்ஸில் ஓடுகிற சிறிய சார்ஜராக இருந்தால் லாபம் 10 டெசிபெலைத் தாண்டும். வீட்டு இன்வேட்டரின் வேகத்தில் கிடைப்பது 4.

அதே நேரம் இதுவரை சுத்தமாக இருந்த நிலையங்களுக்கும் இப்போது பங்கு போகிறது. திருச்சி கேட்கிற ஐயாவுக்கு நிம்மதி; கோடுகளுக்கு நடுவில் விழுந்த வேறொரு நிலையத்தைக் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குப் புதிதாக இரைச்சல். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எது நடக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆய்வுகூட அறிக்கைகளில் இது ஏன் இன்னும் அழகாகத் தெரிகிறது என்பதற்கும் இதே கணக்குத்தான் விடை. மின்காந்த இரைச்சலுக்கான சிஸ்பிர் நியமங்களில் 150 கிலோஹேர்ட்ஸிலிருந்து 30 மெகாஹேர்ட்ஸ் வரை அளக்கும் கருவிக்கு வாசல் 9 கிலோஹேர்ட்ஸ், அதற்குக் கீழே 200 ஹேர்ட்ஸ். 200 ஹேர்ட்ஸ் வாசலால் பார்க்கும்போது கோடு பரவிய இரைச்சலாக மாறியதன் லாபம் 10 டெசிபெலையும் தாண்டிப் போகும். சிகரம் படுத்துவிட்டது, வரைபடம் எல்லைக்கோட்டுக்குக் கீழே, தேர்ச்சி. அந்த வரைபடம் உண்மைதான். ஐயாவின் றேடியோ கேட்பது 9 கிலோஹேர்ட்ஸ் வாசலால் என்பதும் உண்மை. ஒரு கருவிக்குத் தற்செயல் சுவிச்சிங் இத்தனை டெசிபெல் குறைத்தது என்று யாராவது சொன்னால், எந்த வாசலால் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஹார்மோனிக்ஸைத் தற்செயல் சுவிச்சிங் குறைக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சுவிச்சிங் மீடிறனைச் சுற்றியுள்ளவை பரவும், சரி. ஆனால் மின்சார சபை கவலைப்படுகிற 3, 5, 7ஆம் மடங்குகளை அது தொடாது. கூரைச் சோலார் இன்வேட்டருக்கு ஐ.இ.சி. 61727 விதிக்கிற 5 வீத எல்லை அந்தத் தாழ் மடங்குகளைப் பற்றியதே. அவை வருவதற்குக் காரணங்கள் வேறு. பாலத்தில் மேல் சுவிச்சும் கீழ்ச் சுவிச்சும் ஒரே நேரத்தில் மூடினால் பற்றரி குறுஞ்சுற்றாகும் என்பதால் இரண்டுக்கும் நடுவே ஓரிரு மைக்ரோவினாடி இடைவெளி விடுகிறார்கள். மின்னோட்டம் திசை மாறுகிற இடத்தில் அந்த இடைவெளி அலையைச் சற்றே தட்டையாக்கும், அதிலிருந்து 3, 5, 7 பிறக்கும். அதற்கு மருந்து இடைவெளியைக் கணக்கிட்டு ஈடுசெய்வதும் நல்ல மின்னோட்டக் கட்டுப்பாடும்தான். எல்.ஈ.டி. பல்புகளும் ரிவிகளும் போன் சார்ஜர்களும் இழுக்கிற கூரான மின்னோட்டத்தாலும் அதே மடங்குகள் வருகின்றன. இன்வேட்டரின் தாளத்தைக் கலைப்பதால் இவற்றில் ஒன்றும் மாறாது.

சரி, ஐயாவின் வீட்டில் என்ன செய்தோம்?

முதலில் வயர். அவரது கூரைச் சோலார் தகடுகளிலிருந்து இறங்கும் இரண்டு வயர்களில் நேர் வயர் ஓட்டுக்கூரையின் ஒரு பக்கத்தாலும் மறை வயர் அடுத்த பக்கத்தாலும் சுவரைச் சுற்றி வந்திருந்தது. பூட்ட வந்தவர்களுக்கு அது வசதியாக இருந்திருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு அறையளவு வளையம் உண்டாகியிருந்தது. இன்வேட்டர் உமிழ்கிற உயர் மடங்குகளுக்கு அந்த வளையம் ஒலிபரப்புகிற அலைக்கம்பிபோல வேலை செய்தது. இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி ஒரே குழாய்க்குள் இறக்கியதும் விசில் கணிசமாக அடங்கியது. றேடியோவை முன்விறாந்தைக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய இல்லை. அடுத்தது ஃபெரைட் வளையம்: இரண்டு வயரையும் ஒன்றாக அதற்குள் சில சுற்று சுற்றுவது. இரண்டிலும் ஒரே திசையில் ஓடுகிற இரைச்சலை அது மறிக்கும், எதிரெதிரே ஓடுகிற வேலை மின்னோட்டத்தை விட்டுவிடும். மின்சாரப் பக்க வயருக்கும் அப்படியே. இந்த இரண்டும் இரைச்சலைப் பரப்பவில்லை, உண்மையிலேயே வெளியே வராமல் தடுக்கின்றன. அதனால்தான் என் வரிசையில் இவை முதலில், தற்செயல் பிறகு.

மூன்றாவதாக ஒரு எளிய வழி இருக்கிறது. நான் மேசையில் செய்த இன்வேட்டரில் தற்செயலை நிறுத்திவிட்டு, மீடிறனை 23.4இலிருந்து 23.0க்கு இறக்கிப் பார்த்தேன். 41 மடங்கு 943, திருச்சியிலிருந்து 7 கிலோஹேர்ட்ஸ் தள்ளி. 46 மடங்கு 1058, தூத்துக்குடியிலிருந்து 5 தள்ளி. றேடியோவின் வாசல் நிலையத்தின் இரண்டு பக்கமும் நாலரைதான். இரண்டு கோடும் வாசலுக்கு வெளியே நிற்கின்றன, றேடியோவில் விசிலும் இல்லை இரைச்சலும் இல்லை. இரண்டே இரண்டு நிலையம் கேட்கிற ஒரு வீட்டுக்கு இது தற்செயலை விட நல்ல தீர்வு. யார் எந்த நிலையம் கேட்பார்கள் என்று தெரியாத இடத்தில், பல வீடுகள் நெருங்கி நிற்கிற இடத்தில், தற்செயல் நியாயமானது. 18 அல்லது 27 கிலோஹேர்ட்ஸைத் தெரிவு செய்துவிடாதீர்கள். எங்கள் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் எல்லாம் 9இன் மடங்குகளில் நிற்பதால் அத்தனை கோடும் நிலையங்களின் தலையிலேயே விழும்.

வீட்டைவிட எனக்குப் பெரிய அக்கறை தீவுகளில்தான்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடை. முதலில் சீன நிறுவனம் ஒன்றுக்குப் போகவிருந்தது, பிறகு மாறியது என்ற அரசியல் எல்லாருக்கும் தெரிந்ததே. எனக்கு முக்கியம் அதிலுள்ள எண்கள்: மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற் சூரிய ஒளி, 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற் மணித்தியாலப் பற்றரி, பின்துணைக்கு 2,500 கிலோவாற் டீசல். எழுவைதீவில் அதற்கு முன்பே இந்த வகைக் கலப்பு முறை வந்துவிட்டது. டீசல் மோட்டர் நின்று, சூரியனும் பற்றரியும் மட்டும் ஊரைத் தாங்குகிற நேரத்தில் அந்தத் தீவின் சைன் அலை முழுவதும் இன்வேட்டர்கள் வரைவது. குடாநாட்டில், கிளிநொச்சியிலிருந்து வருகிற 132 கிலோவோல்ற் கோட்டுக்கு அப்பால் பெரிய சுழலும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவை அலையின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும். தீவில் அப்படி ஒன்றும் இல்லை. இன்வேட்டர் எப்படி வரைகிறதோ அதுதான் ஒவ்வொரு வீட்டுப் பிளக்கிலும் வரும். மீன்பிடிப் படகுகளின் தொடர்புக் கருவிகளும் அங்கே கரையில்தான் நிற்கின்றன.

இங்கே தற்செயல் சுவிச்சிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. பல இன்வேட்டர்கள் ஒரே கம்பியில் சேர்ந்து ஓடும்போது பொறியியலாளர்கள் ஒரு நல்ல வேலை செய்வார்கள்: ஒவ்வொன்றின் முக்கோண அலையையும் சமமாக விலக்கி வைப்பது. இரண்டென்றால் ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது அடியில். இரண்டின் சுவிச்சிங் குப்பையும் ஒன்றையொன்று பெரும்பாலும் தின்றுவிடும். அது பரப்புவதல்ல, உண்மையாக அழிப்பது. ஒவ்வொரு இன்வேட்டரும் தன்பாட்டில் தாளத்தைக் கலைத்தால் அந்த விலகல் குலைந்துபோகும், அழிந்துகொண்டிருந்தது அழியாமல் வெளியே வரும். வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் ஒரே தற்செயல் வரிசையைக் கொடுத்து, ஒரே கணத்தில் தொடங்கவைத்து, விலகலையும் காப்பாற்றலாம். செய்யக்கூடியதுதான், ஆனால் அவற்றுக்கிடையே தொடர்பு வயரும் நேர ஒத்திசைவும் வேண்டும். வடிகட்டியின் சுருளும் கப்பாசிற்றரும் சேர்ந்து ஒரு இயல்பு மீடிறனில் அதிரும் குணமுள்ளவை. கோடுகள் இருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து வடிவமைக்கலாம், பரவிய இரைச்சல் தவிர்க்காமல் போய்த் தட்டும். அதற்குத் தணிப்பும் கூடுதலாகப் போட வேண்டும்.

சுற்றின் நீளத்தை மாற்றாமல், சுற்றுக்குள் துடிப்பு நிற்கும் இடத்தை மட்டும் தற்செயலாக முன்பின் தள்ளுகிற இன்னொரு முறை உண்டு. அதில் கட்டுப்பாட்டு நிரல் ஒரே சீரான நேரத்துக்கு ஒருமுறை அளந்துகொள்ளலாம், அது பெரிய வசதி. ஆனால் கோடுகள் முழுவதாகக் கரையாது, பாதி நின்றுகொண்டிருக்கும். பெரிய இன்வேட்டர்களுக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்து மேசையில் ஓடவிடப்போவதும் அதைத்தான்.

எதைத் தெரிவு செய்தாலும் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முந்திய அளவு வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. இறுதி வருட மாணவர்கள் ஒரு மடிக்கணினியும் யூ.எஸ்.பி. ரிசீவரும் அளந்து சரிபார்த்த அலைவாங்கியும் எடுத்துக்கொண்டு குறிகட்டுவானில் படகேறினால் போதும். இறங்குதுறை, சந்தை, பள்ளிக்கூடம், மின்நிலைய வாசல் என்று சில இடங்களில், 9 கிலோஹேர்ட்ஸிலிருந்து 30 மெகாஹேர்ட்ஸ் வரை, டீசல் ஓடும்போது ஒருமுறை, இன்வேட்டர்கள் மட்டும் ஓடும்போது ஒருமுறை. 936இலும் 1053இலும் எவ்வளவு இரைச்சல் என்பதைத் தனியாகக் குறித்துவைத்தால், தீவுகளில் முள்ளைத் திருப்புகிறவர்கள் சார்பில் நான் நன்றி சொல்வேன்.